லூபஸ் மகளும் விட்டமின் ட்ரிப்பும்: ஒரு அம்மாவின் கடிதத்துக்குப் பதில்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். (லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்குகிற நோய். செப்சிஸ் என்பது கிருமித் தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கிற ஆபத்தான நிலை. வைசலோன் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை.)

"என் மகளுக்கு 24 வயது. மூன்று வருடமாக லூபஸ். சிறுநீரகத்தையும் தாக்கியிருக்கிறது என்று பயாப்ஸி எடுத்துச் சொன்னார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மைக்கோஃபினோலேட், வைசலோன் மூன்றும் சாப்பிடுகிறாள். ஆடி மாதம் நிமோனியா வந்து செப்சிஸ் ஆகி ஒன்பது நாள் ஐசியூவில் கிடந்தாள். அங்கே விட்டமின் சி ட்ரிப் போட்டார்கள், தைமோசின் என்ற ஊசியை வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள், வாங்கிக் கொடுத்தோம். பிழைத்து வந்துவிட்டாள். இப்போது ஒரு கிளினிக்கில் வாரம் ஒரு முறை 'இம்யூனிட்டி ட்ரிப்' போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், ஒரு தடவைக்கு ஆறாயிரம். என் தம்பி, விட்டமின் டி அதிக அளவில் எடுத்தால் லூபஸே போய்விடும், மாத்திரையை எல்லாம் நிறுத்திவிடலாம் என்று தினமும் வீடியோ அனுப்புகிறான். ஜெர்மனியில் ஒரே ஊசியில் குணமாக்குகிறார்களாமே, எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, விற்றுவிடலாமா? எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா, ஒன்றுமே புரியவில்லை டாக்டர்."

அம்மா,

விளக்கம் எல்லாம் பிறகு, மூன்று விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக வைசலோனை. மூன்று வருடமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பில் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும், மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த ட்ரிப்புக்குப் போக வேண்டாம். நிலத்தை விற்க வேண்டாம். மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

கூட்டவா குறைக்கவா என்று கேட்டீர்களே, நான் முப்பது வருடமாக மூட்டு, தசை, தன்னெதிர்ப்பு நோய்களைத்தான் பார்க்கிறேன், என்னிடம் வருகிறவர்கள் எல்லோரையும் குழப்புகிற கேள்வி அதுதான். எதிர்ப்பு சக்தி என்றதும் ஏதோ பானையில் இருக்கிற தண்ணீர் மாதிரி, அளவு குறைந்தால் நோய், ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கப் பழகிவிட்டோம், கொரோனா சமயத்தில் கஷாயப் பொடியிலிருந்து பிஸ்கட் வரை எல்லாவற்றிலும் அந்த வார்த்தையை அச்சடித்து விற்றார்கள். உள்ளே நடப்பது அப்படி இல்லை. கிருமியை அடையாளம் கண்டு அடிக்கிற செல்கள் இருக்கின்றன, 'இது நம் உடம்பு, கை வைக்காதே' என்று அவற்றைப் பிடித்து நிறுத்துகிற செல்களும் இருக்கின்றன. பிடித்து நிறுத்துகிற அந்தக் கூட்டத்துக்கு ரெகுலேட்டரி டி செல் என்று பெயர், அதைக் கண்டுபிடித்து விளக்கியதற்காகத்தான் 2025-ல் மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூன்று பேருக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். லூபஸில் அந்தக் கடிவாளம் தளர்ந்துபோய், வேலியே பயிரை மேய ஆரம்பித்துவிடுகிறது. மேய்கிற வேலிக்கு உரம் போட்டு வளர்த்தால் என்ன ஆகும்? அதனால்தான் எங்கள் நோயாளிகளிடம் 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று எழுதியிருக்கிற எதையும் தொடாதீர்கள் என்கிறோம். சீந்தில் கொடிப் பொடியை நல்லது என்று நினைத்துச் சாப்பிட்ட சிலருக்கு, கல்லீரலை உடம்பே தாக்குகிற நோயைப் போலவே பாதிப்பு வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்பதை நம்பி எடுத்தவர்கள்தான் அவர்கள்.

அதற்காக முழுக்க அடக்கிவிடவும் முடியாது. அடக்குகிற மாத்திரைகள்தான் உங்கள் மகளுக்கு நிமோனியா சுலபமாக வரவும் ஒரு காரணம், அதை நான் மறைக்க மாட்டேன். அடக்காமல் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், அடக்கியதால் கிருமிக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவளுடைய மருத்துவர் மூன்று வருடமாக அளவைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

கடுமையான தொற்றிலும் இதே கதைதான். கொரோனாவில் மூச்சுத் திணறி வென்டிலேட்டரில் இருந்தவர்களைக் காப்பாற்றியதாக முதலில் நிரூபணமான மருந்து எது என்று பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், எதிர்ப்பை அடக்குகிற ஸ்டீராய்டு! 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது, தினம் 6 மில்லிகிராம், பத்து நாள், அவ்வளவுதான். ஆனால் ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் கிடைக்கவில்லை. அதைக் கவனிக்காமல் லேசான காய்ச்சலுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தபோது, கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் சேர்ந்துகொண்டு 2021-ல் கருப்புப் பூஞ்சை எத்தனை பேருடைய கண்ணைப் பறித்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். ஒரே மருந்துதான், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது விட்டமின் சி. ஐசியூவில் அதைப் போட்டதால்தான் மகள் பிழைத்தாள் என்று நம்புகிறீர்கள், அந்த ட்ரிப்பைத் தொடர நினைப்பதும் அதனால்தான். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக்கில் பால் மாரிக் என்ற ஐசியூ மருத்துவர் விட்டமின் சி, தையமின் என்ற விட்டமின் பி1, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து செப்சிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 2017-ல் வெளிவந்த கணக்கின்படி, மருந்து கொடுத்த 47 பேரில் இறந்தவர்கள் 4 பேர், அதற்கு முந்தைய மாதங்களில் மருந்து இல்லாமல் சிகிச்சை பெற்ற 47 பேரில் இறந்தவர்கள் 19 பேர். படித்தபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. மலிவான மூன்று பொருள், எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கும். உலகம் முழுவதும் ஐசியூக்களில் இதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள், நம் ஊரிலும்தான்.

ஆனால் அது முன்னால் வந்தவர்களையும் பின்னால் வந்தவர்களையும் ஒப்பிட்ட கணக்கு, குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்த சோதனை இல்லை. அப்படிச் செய்து பார்த்தபோது பலன் காணாமல் போனது. 2020-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் மூன்றிலும் 216 பேரிடம், 2021-ல் அமெரிக்காவில் 501 பேரிடம், இரண்டிலும் வித்தியாசம் இல்லை. 2022-ல் வந்த லோவிட் ஆய்வுதான் என்னை உட்கார வைத்தது. 872 பேர், விட்டமின் சி மட்டும், கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு நாள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 12 கிராம் ஆகிறது, நமக்குச் சாப்பாட்டில் தினம் தேவைப்படுவது 100 மில்லிகிராமுக்கும் குறைவு. இருபத்தெட்டாவது நாளில் இறந்தவர்களும் உறுப்புகள் தேறாமல் இருந்தவர்களும் சேர்த்து விட்டமின் பிரிவில் 44.5 சதவீதம், வெறும் மருந்தற்ற திரவம் ஏறியவர்களில் 38.5 சதவீதம். கொடுத்தவர்கள்தான் மோசமாக இருந்தார்கள்.

ஐசியூவில் உங்கள் மகளைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள், ஆபத்தில் இருக்கிற பிள்ளைக்கு எதையாவது விட்டுவிட்டோமோ என்ற பதற்றம் அந்த அறையில் எல்லோருக்கும் இருக்கும். அவளைக் காப்பாற்றியது என்று நான் கை வைத்துச் சொல்லக்கூடியவை வேறு: நேரத்தோடு ஏறிய ஆன்டிபயாட்டிக், ஆக்ஸிஜன், அளந்து ஏற்றிய திரவம், ராத்திரி பகலாக யூரின் பையைப் பார்த்து எழுதிய நர்ஸ்கள், வழக்கமாக ஸ்டீராய்டு எடுப்பவள் என்பதால் கூட்டிக் கொடுத்த ஸ்டீராய்டு. அப்புறம், நீங்கள் அவளை எத்தனை மணிக்கு அங்கே கொண்டுபோனீர்கள் என்பது.

தைமோசின் ஊசியை வாங்கிக் கொடுத்தது தப்பா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். தப்பு இல்லை அம்மா, அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள். ஆனால் தைமோசின் ஆல்ஃபா-1 என்ற, எதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிற அந்த மருந்தைச் சீனாவில் 1,106 செப்சிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2025 ஜனவரியில் முடிவைச் சொன்னார்கள். 28 நாளில் இறந்தவர்கள் மருந்துப் பிரிவில் 23.4 சதவீதம், மருந்து இல்லாத பிரிவில் 24.1. ஒன்றுதான். இன்னொரு முறை அதற்காக யாரும் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. எல்லா செப்சிஸ் நோயாளிக்கும் ஒரே மருந்து என்ற எண்ணமே இப்போது மாறிவருகிறது, ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் எகிறி எதிர்ப்பு கொழுந்துவிட்டு எரிகிறவருக்கு அடக்குகிற மருந்து, எதிர்ப்பு செத்துக் கிடக்கிறவருக்கு எழுப்புகிற மருந்து என்று பிரித்துப் பார்த்துக் கொடுக்கிற ஆராய்ச்சிகள் நடக்கின்றன. எனக்கு அதில்தான் நம்பிக்கை.

அந்த வார ட்ரிப்பைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் அவளுடைய சிறுநீரகம். நரம்பு வழியே அளவுக்கு மீறிப் போகிற விட்டமின் சி உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறுகிறது, அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம், அங்கேயே அது படிகமாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். நல்ல சிறுநீரகத்தையே இது கெடுத்த சம்பவங்கள் இருக்கின்றன, லூபஸ் ஏற்கெனவே கை வைத்த சிறுநீரகத்துக்கு அந்தச் சுமை எதற்கு? ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு இருப்பவர்களுக்கு ரத்த அணுக்களே உடையும். இன்னொன்று, அதிக விட்டமின் சி ரத்தத்தில் இருக்கும்போது விரலில் குத்திப் பார்க்கிற சில சர்க்கரை மீட்டர்கள் பொய்யாக அதிகம் காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டு மயங்கியவர்கள் உண்டு. கொய்யாப்பழம் சாப்பிடட்டும். நெல்லிக்காய் சாப்பிடட்டும். பொட்டாசியம் அளவைப் பொறுத்துப் பழங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் மட்டும் அவளுடைய மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விட்டமின் டி-க்கு வருகிறேன். உங்கள் தம்பி சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். விட்டமின் டி எலும்புக்கு மட்டும் இல்லை, எதிர்ப்புச் செல்களும் அதைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வில் 50 வயதைத் தாண்டிய ஆண்களும் 55-ஐத் தாண்டிய பெண்களுமாகக் கிட்டத்தட்ட 26,000 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் விட்டமின் டி, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாகத் தன்னெதிர்ப்பு நோய் வந்தவர்கள் ஒரு பக்கம் 123 பேர், இன்னொரு பக்கம் 155 பேர். 22 சதவீதம் குறைவு. நல்ல செய்திதான், நான் மகிழ்ந்தேன். ஆனால் அது நோய் வராதவர்களுக்கு வராமல் தடுப்பதைப் பற்றியது, வந்துவிட்ட நோயைக் குணப்படுத்துவதைப் பற்றியது இல்லை. அளவும் பாருங்கள், 2,000. வீடியோவில் சொல்கிற அளவு எவ்வளவு என்று தம்பியிடம் கேளுங்கள்.

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோயில் இரண்டு விதமான முடிவும் வந்திருக்கிறது. பிரான்ஸில் நோயின் முதல் அறிகுறியோடு வந்த 316 பேரைச் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்தபோது இரண்டு வருடத்தில் நோய் தலைகாட்டியது 60 சதவீதம் பேருக்கு, கொடுக்காதவர்களில் 74 சதவீதம். 2025-ல் வந்த முடிவு. அதற்கு இரண்டு வருடம் முன்னால் அமெரிக்காவில் ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்குத் தினம் 5,000 யூனிட்டும் 600 யூனிட்டும் கொடுத்து ஒப்பிட்டபோது வித்தியாசமே இல்லை. இதுதான் இன்றைய நிலைமை. இதிலிருந்து 'லூபஸ் போய்விடும், மாத்திரையை நிறுத்து' என்பதற்குத் தாவ வழியே இல்லை. பிரேசிலில் ஒரு நரம்பியல் மருத்துவர் தொடங்கிய, தினமும் பல பத்தாயிரம் யூனிட் எடுக்கிற முறை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது, தம்பி அனுப்புவது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அதை முறையான சோதனையில் யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

நிரூபணம் இல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும், அது என்ன செய்யும் என்பதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்னால் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், மூன்று வாரமாக வாந்தி, மலச்சிக்கல், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம், பேச்சில் தடுமாற்றம் என்று வந்தார். பிள்ளைகள் மூளையில் ஏதோ என்று பயந்து ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டார்கள். கால்சியம் 14-க்கு அருகில், அது 10.5-ஐத் தாண்டக் கூடாது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றதும் மகள் ஒரு மஞ்சப்பையை மேசையில் கொட்டினாள். விட்டமின் டி 60,000 யூனிட் பொடி உறைகள், பாலில் கலந்து குடிக்கிறது. வாரம் ஒன்று என்று எழுதிய மருந்துக்கு, மருந்துக் கடையில் கவர் மேல் 1-0-0 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஒழுங்காகக் குடித்திருக்கிறார் அந்த அம்மா. காலி உறைகளை நானும் மகளும் எண்ணினோம், 84. ஐம்பது லட்சம் யூனிட்டுக்கு மேல். விட்டமின் சி மாதிரி இது சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கிவிடும், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கால்சியத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். ட்ரிப் ஏற்றி, மருந்து கொடுத்துக் கால்சியத்தை இறக்கினோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. அந்த அம்மாவுக்கு லூபஸ் கிடையாது, சிறுநீரக நோயும் கிடையாது. உங்கள் மகளுக்கு இரண்டும் இருக்கிறது.

அதனால் விட்டமின் டி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. லூபஸ் நோயாளிகள் வெயிலில் போகக் கூடாது என்பதால் பெரும்பாலும் அவர்களுக்கு அது குறைவாகத்தான் இருக்கும், ஸ்டீராய்டு வேறு எலும்பை அரிக்கும், ஆகவே அவளுக்கு அது தேவை. ரத்தத்தில் அளவு பார்த்து, 20-க்குக் கீழே இருந்தால் வாரம் ஒரு 60,000 எட்டு வாரம், பிறகு குறைந்த அளவு, இடையில் கால்சியமும் கிரியாட்டினினும், இப்படித்தான் வழக்கமாகக் கொடுப்போம். அவளுடைய சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவை அவளுடைய மருத்துவர் சொல்வார். தம்பி சொன்ன 'காலையில் அரை மணி நேரம் வெயிலில் நில்' மட்டும் கூடவே கூடாது. மற்றவர்களுக்கு அது நல்ல யோசனை. லூபஸில் புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சிதைத்து, அந்தச் சிதைவே நோயைக் கிளப்பிவிடும், முகத்தில் மட்டும் இல்லாமல் சில சமயம் சிறுநீரகம் வரைக்கும். குடை, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், இந்த மூன்றும் அவளுக்கு மருந்துதான்.

விட்டமினை எல்லாம் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் 1990 வாக்கில் நடந்த ஓர் ஆய்வை நான் மாணவர்களுக்கு இன்னமும் சொல்லிக்கொடுக்கிறேன். மதுரை அரவிந்த் மருத்துவமனையோடு சேர்ந்து, பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் 15,419 பேரை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய், சாப்பாட்டில் கிடைக்க வேண்டிய அளவுக்கான விட்டமின் ஏ-யை ஒரு பிரிவுக்கு மட்டும் ஊற்றினார்கள். ஒரே வருடத்தில் அந்தக் குழந்தைகளின் மரணம் மற்றவர்களைவிட 54 சதவீதம் குறைந்தது. விட்டமினுக்கு அவ்வளவு சக்தி இருந்ததற்குக் காரணம் அந்தக் குழந்தைகளின் உடம்பில் அது இல்லாமல் இருந்ததுதான். இன்றைக்கும் தட்டம்மை வந்த குழந்தைக்கு விட்டமின் ஏ இரண்டு நாள் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே விட்டமின் ஏ-யை, 2025-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் தட்டம்மை பரவியபோது மீன் ஈரல் எண்ணெயாக அளவு பார்க்காமல் ஊற்றி, மருத்துவமனையில் பார்த்தபோது கல்லீரல் பாதிப்பு தெரிந்த குழந்தைகளும் உண்டு.

சரி, ஜெர்மனி. இது வதந்தி இல்லை அம்மா, நிஜம், என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய செய்தியும் இதுதான். எர்லாங்கன் என்ற ஊரில் கியோர்க் ஷெட் என்ற மருத்துவரின் குழு, 2021-ல் எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் இருந்த 20 வயதுப் பெண்ணுக்குக் கார்-டி சிகிச்சை கொடுத்தார்கள், ரத்தப் புற்றுநோய்க்காக வந்த சிகிச்சை அது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து எடுத்து, சிடி19 என்ற அடையாளம் உள்ள பி செல்களைத் தேடிப் போய்க் கொல்லும்படி அவற்றின் மரபணுவில் ஒரு புதுக் கருவியைப் பொருத்தி, மூன்று நாள் கீமோ மருந்து கொடுத்து உடம்பில் இடம் பண்ணிவிட்டு, திரும்ப ஏற்றுகிறார்கள். தப்பான ஆன்டிபாடியைத் தயாரிக்கிற பி செல் பரம்பரையே துடைக்கப்படுகிறது. சில மாதத்தில் எலும்பு மஜ்ஜையிலிருந்து புது பி செல்கள் வருகின்றன, பழைய பகையை அறியாத பிள்ளைகளாக. 2024 பிப்ரவரியில் 15 பேரின் கணக்கை வெளியிட்டார்கள், அதில் லூபஸ் உள்ளவர்கள் 8 பேர், எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது, எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை எல்லோருக்கும் நிறுத்த முடிந்தது. ஸ்டீராய்டே இல்லாமல்! அதைப் படித்த அன்றைக்கு எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என்னிடம் வந்து சிறுநீரகம் இழந்த பெண்பிள்ளைகளின் முகம்தான்.

ஆனாலும் பதினைந்து பேர். அதன் பிறகு பல நாடுகளில் இன்னும் நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், ஆய்வுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று தெரிய பத்து வருடம் ஆக வேண்டும். சிகிச்சையின்போது கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம், பி செல் இல்லாத மாதங்களில் தொற்று வரலாம், கீமோ மருந்தால் கருமுட்டை பாதிக்கப்படலாம், அரிதாகப் புது ரத்தப் புற்றுநோய் வரும் ஆபத்து பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் எச்சரிக்கை போட்டது. இப்போதுதான் நிமோனியாவிலிருந்து எழுந்து வந்திருக்கிற பெண்ணை உடனே அதற்கு அனுப்ப எந்த நல்ல மருத்துவரும் யோசிப்பார்.

நம் நாட்டிலும் கார்-டி இருக்கிறது. ஐஐடி பாம்பேயும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் மூன்று கோடியைத் தாண்டுகிற சிகிச்சை இங்கே அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த அனுமதி சில ரத்தப் புற்றுநோய்களுக்கு. லூபஸுக்கு என்று யாராவது ஆய்வு நடத்தினால் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண்ணோடு பதிவாகியிருக்கும், ஆய்வில் சேர்கிறவரிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்கக் கூடாது. 'லூபஸுக்கு செல் தெரபி, முன்பணம் இத்தனை லட்சம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று ஆசை காட்டினாலும் அதே பதில்தான்.

இன்னொன்றும் யோசியுங்கள், அந்த ஜெர்மன் நோயாளிகள் எல்லோரும் மற்ற மருந்துகள் எல்லாம் தோற்ற பிறகு போனவர்கள். உங்கள் மகளுக்கு இன்னும் எத்தனையோ படி பாக்கி இருக்கிறது. டாக்ரோலிமஸ், ரிட்டுக்ஸிமாப், பெலிமுமாப், இவை எல்லாம் தேவை வந்தால் எடுக்க இருக்கின்றன. இப்போது சாப்பிடுகிற மூன்றிலும் மலிவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ன செய்கிறது என்று தெரியுமா? 1991-ல் கனடாவில் நோய் அடங்கியிருந்த 47 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, யாருக்கு எது என்று தெரியாதபடி, வெறும் மாத்திரையாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், நோய் திரும்பக் கிளம்புவது இரண்டரை மடங்கு அதிகமானது. நோயை அடக்கி வைக்கும், சிறுநீரகத்தைக் காக்கும், கர்ப்ப காலத்திலும் தொடரலாம். கண் விழித்திரைப் பரிசோதனை மட்டும் வருடா வருடம் செய்துவிடுங்கள், சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அது இன்னும் முக்கியம். மைக்கோஃபினோலேட் அப்படி இல்லை, கருவுக்கு ஆகாது, கல்யாணப் பேச்சு எடுக்கிறபோது இதை மனதில் வைத்து முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டும்.

நிலத்தை விற்கிற பணத்தில் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது, காய்ச்சல் வந்த முதல் சில மணி நேரம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர், 100.4-ஐத் தொட்டால் டோலோ போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும், அதனால் காய்ச்சல் இல்லாமலே மூச்சு வாங்கினாலும், பேச்சு குழறினாலும், யூரின் குறைந்தாலும் கிளம்ப வேண்டும். அவசரப் பிரிவில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் 'லூபஸ் நோயாளி, ஸ்டீராய்டும் மைக்கோஃபினோலேட்டும் எடுக்கிறாள்' என்பதுதான், அதைக் கேட்டால் அங்கே வேகம் கூடும், செப்சிஸில் ரத்த அழுத்தம் விழுந்துவிடுகிற செப்டிக் ஷாக்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போக வேண்டும் என்பது விதி. டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் தம்பி போனிலும் வைத்திருங்கள். தொற்று நேரத்தில் மைக்கோஃபினோலேட்டைச் சில நாள் நிறுத்துவதும், ஸ்டீராய்டைக் கூட்டுவதும் மருத்துவர் முடிவு செய்வது, நீங்களாகச் செய்வது இல்லை. நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா, வருடாந்திர ஃப்ளூ ஊசி போட்டாயிற்றா என்று அடுத்த முறை கேளுங்கள், அவளுக்குச் செய்யக்கூடிய உண்மையான 'இம்யூனிட்டி' வேலை அதுதான். உயிருள்ள கிருமி உள்ள தடுப்பூசிகள் மட்டும் இப்போது கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது யூரினில் புரதம் பாருங்கள், நுரை நுரையாகப் போனால் அதற்கும் முன்னாலேயே.

தம்பியைத் திட்டாதீர்கள். அக்கா மகள் மேல் இருக்கிற பாசத்தில்தான் தேடித் தேடி அனுப்புகிறார். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வண்டியோடு வருகிற ஆளாக அவரை வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் வேறு பேனாவில், வேறு கையெழுத்தில், ஒரு வரி இருந்தது. 'முடி திரும்ப வளருமா டாக்டர்?'

வளரும், கண்ணு. லூபஸ் கிளம்பும்போது கொட்டுகிற முடி, நோய் அடங்கினால் வந்துவிடும். அது போக, ஐசியூவில் இருந்து வந்த யாருக்குமே இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும், உனக்கு ஆடியில் நடந்தது இப்போது ஐப்பசியில் சீப்பில் வருகிறது. ஆறு மாதத்தில் அது பெரும்பாலும் சரியாகிவிடும். வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று நெற்றி ஓரத்தைப் பார், குட்டிக் குட்டியாய் நிற்கிற முடி தெரிந்தால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தோல் தடித்துத் தழும்பாகிப் போன இடம் ஏதாவது இருந்தால் மட்டும் அங்கே முடி வராது, தழும்பு பரவாமல் தடுக்க மருந்து இருக்கிறது, தாமதிக்காமல் காட்டு. முடிக்காக பயோட்டின் மாத்திரை வாங்கியிருந்தால், ரத்தம் கொடுக்கிற நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்திவிட்டுப் போ, அது தைராய்டு முடிவைத் தாறுமாறாகக் காட்டும். தலையில் துணி கட்டிக்கொண்டு போகிறவள் என்றால் டாக்டர் முன்னால் அதை அவிழ்த்துக் காட்டு, கூச்சப்படாதே, நாங்கள் கேட்க மறந்துவிடுவோம்.